கண்டபோது இருந்தபடி

"நீங்க பாத்தப்ப எப்படி இருந்தானோ, அப்படியே வைங்க தம்பி," என்று குழந்தையின் சாவை விசாரிக்க வந்த டாக்டரம்மா ஒரு பொம்மையை நீட்டினார்.

அவன் வாங்கிக்கொண்டான். பொம்மைக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை. வீட்டாரின் மனம் நோகக் கூடாதென்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். எடை மட்டும் அச்சு அசலாகக் குழந்தையின் எடை. அதையும் கொஞ்சம் தப்பாகச் செய்திருக்கலாம்.

அவன் சித்தப்பனாகி மூன்று மாதம்தான். லிஃப்ட் கம்பெனியில் இரவு ஷிப்ட் மெக்கானிக். பகலில் வீட்டில் கிடக்கிற பாவத்துக்குப் பொடியனைத் தூங்கவைக்கும் இலாகாவை அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள். மற்றவர்கள் அரை மணி நேரம் ஆட்டினாலும் வீறிடுகிறவன் இவனிடம் ஐந்தே நிமிடத்தில் அடங்குவான். அண்ணி 'தூக்க மந்திரி' என்று பட்டமே கொடுத்திருந்தாள்.

மந்திரியின் ரகசியம் அற்பமானது. குப்புறப் போட்டு முதுகில் தட்டுவான். கண் அசந்ததும் மல்லாக்கத் திருப்பிவிடுவான். மல்லாக்கத்தான் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்று காலை, ஷிப்ட் முடிந்து வந்தவன், தட்டிக்கொண்டே தானும் தூங்கிவிட்டான்.

"வீட்ல சிகரெட் பிடிக்கிறது யாரு?"

வாத்தியார் பேர் கூப்பிட்ட மாதிரி அண்ணன் கையைத் தூக்கினான். "வெளிய நின்னுதான் மேடம்..."

"எத்தனை வாரத்துல பொறந்தான்?"

"முப்பத்திரண்டு," என்றாள் கதவோரம் நின்ற அண்ணி. "என் வயிறுதான் சரியில்ல. இன்னும் எட்டு வாரம் தாங்கியிருந்தா பொழைச்சிருப்பான்." காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "நமக்குத் தூக்கத்துல மூச்சு முட்டினா மூளை தட்டி எழுப்பிடும். சில குழந்தைங்களுக்கு அந்த இடம் இன்னும் சரியா வளர்ந்திருக்காது. முழிக்காமலே போயிடுவாங்க. குப்புறப் படுத்திருந்தா ஆபத்து ஜாஸ்தி. அதுக்காகத்தான் கேக்கறேன், யாரையும் பிடிச்சுக்கொடுக்க இல்ல."

"மல்லாக்கத்தாங்க போடுவோம். தம்பிகிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். நீங்களே கேளுங்க," என்றாள் அண்ணி.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பொம்மையை மல்லாக்க வைத்தால் போதும். அவன் தம்பியாகவே இருப்பான். அண்ணி ஆயுள் முழுக்கத் தன் வயிற்றைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

குப்புற வைத்தான். முகத்தை மெத்தைக்குள் திருப்பினான். கை அதுபாட்டுக்கு முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

"டேய்..." என்றான் அண்ணன்.

அண்ணி கட்டிலருகே வந்தாள். குனிந்து பொம்மையைப் பார்த்தாள்.

"அழுதானா?"

"இல்ல அண்ணி. தூங்கிட்டான். நானும் தூங்கிட்டேன்."

டாக்டரம்மா நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். பிறகு பையைத் திறந்து, பொம்மையை ஒரு காலைப் பிடித்துத் தூக்கினார்.

"தலையைப் பிடிங்க," என்றாள் அண்ணி.

டாக்டரம்மா உள்ளங்கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, மெதுவாகப் பைக்குள் இறக்கினார். ஜிப்பைப் பாதி வரைதான் மூடினார்.