பீரோவுக்குப் பின்னால் இருந்த பெரியம்மா

வீட்டுச் சாமான் ஏற்றிய லாரி புது வீட்டு வாசலில் நின்றபோது சின்னவள் பீரோவுக்குப் பின்னால் இருந்தாள். ஒளிந்திருக்கவில்லை, மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல்தான் அவள் பிழைப்பே போய்க்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். முன்சீட்டில் அம்மாவுக்கு ஜன்னலோரம் இல்லாவிட்டால் குமட்டும். அப்படியானால் நடுவில் இவள், டிரைவர் கியர் போடும்போதெல்லாம் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். அதை நினைத்ததுமே பின்பக்கம் ஏறி, டிரைவர் அறைச் சுவரோரம் கிடந்த ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பழைய தெருக்காரர்கள் பீரோவைக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேராக நிறுத்தினார்கள். "நான் உள்ளே இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் தயார்செய்துகொண்டுதான் இருந்தாள். தயாராவதற்குள் கயிறு கட்டியாகிவிட்டது.

இது புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் வாசித்தால் "உள்ளேன்" என்று சொல்லக் குரல் எழும்பாது. முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் ஆப்சென்ட் ஆனவள் அவள். ஒன்பதாம் வகுப்பில் நிஜமாகவே போகாமல் நின்றபோது பதிவேட்டில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. பழைய தெருவில் அவளுக்குப் பேசாமடந்தை என்றே பேர்.

வெளியே அம்மா தெருமுக்கில் நின்ற கூலியாட்களைப் பேசி அழைத்து வந்தாள்.

"பெரிசா ஒண்ணும் இல்லப்பா. ஒரு பீரோ, கட்டில், மூட்டை முடிச்சு."

"எல்லாரும் இப்படித்தான்க்கா சொல்றாங்க. உள்ள பாத்தா ஒரு கடைவீதியே இருக்கும்."

"சீக்கிரம் முடிங்கம்மா, எனக்கு அடுத்த லோடு நிக்குது" என்றார் டிரைவர்.

"நான் ஓனர் வீட்டுல சாவி வாங்கிட்டு வந்துடறேன். பின்னாடி எம்பொண்ணு இருக்கா, அவகிட்டக் கேட்டு இறக்குங்க."

அம்மாவின் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது. அவளிடம் கேட்டு இறக்குவதாம்! பெற்ற தாய்க்கே பிள்ளையின் லட்சணம் தெரியவில்லை.

பீரோ இடுக்கு வழியாகப் பார்த்தாள். இரண்டு பேர். தலையில் துண்டு கட்டியவர் ஒருவர், ஊதினால் பறக்கிற ஒல்லி ஒருவன்.

"பொண்ணு இருக்குன்னாங்களே, காணோமே?" என்றான் ஒல்லி.

"வழியில இறங்கிடுச்சோ என்னமோ. நீ ஏறு" என்றார் தலைப்பாகை.

சாமான்களை எல்லாம் கட்டியவள் சின்னவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. கண்ணாடிக் கடையில் வாங்கி வந்த அட்டைப்பெட்டிகளில் தலையணையைத் திணித்திருந்தாள். உடைகிற சாமானைத் துணிக்குள் பொதிந்து மூட்டையாகக் கட்டியிருந்தாள். விளைவு, 'கண்ணாடி, கவனம்' என்று அச்சடித்த தலையணைகளை இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார்கள். அடுத்து ஒல்லி ஒரு மூட்டையைத் தூக்கினான்.

"துணி மூட்டைண்ணே. புடிங்க."

"துணியைப் புடிக்க என்ன இருக்கு? தூக்கிக் கீழ போடு."

அம்மா தையல்காரி. தையல் மெஷினின் தலையைச் சின்னவள் கழற்றிப் போர்வை சுற்றி இப்படி ஒரு மூட்டைக்குள்தான் வைத்திருந்தாள். அது உடைந்தால் புது வீட்டில் அடுப்பு எரியாது. எந்த மூட்டை? அதுதான் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே பழைய சேலையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். அடையாளம் வைக்கத் தோன்றாத அளவுக்குப் புத்திசாலி.

ஒல்லி மூட்டையை ஓங்கினான்.

"போடாதீங்க!"

யார் கத்தியது என்று சின்னவளே திரும்பிப் பார்த்தாள். இரும்பு பீரோவில் மோதிக் குரல் கனத்துப் போயிருந்தது.

"அண்ணே, உள்ள யாரோ பெரியம்மா இருக்காங்க."

"மூட்டை எதையும் போடக்கூடாது. ரெண்டு கையால வாங்கி மெதுவா வைக்கணும்."

"சரிங்க பெரியம்மா" என்றார் தலைப்பாகை.

பெரியம்மா! அதிலும் 'ங்க' போட்டு! முகம் தெரியாத இடத்தில் உட்கார்ந்திருந்தால் தனக்கும் வாய் உண்டு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் அந்த வாயை மூட முடியவில்லை.

"டிரங்குப் பெட்டியைத் தலைகீழாப் பிடிக்காதீங்க! ஏம்ப்பா ஒல்லி, கட்டில் காலு உரசுது பாரு!"

"பேரே வெச்சுட்டாங்கண்ணே."

"பெரியம்மா, அங்க புழுக்கமா இருக்காது? வெளிய வந்து சொல்லுங்களேன்."

"எனக்கு இங்கதான் வசதி."

மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. சிலது பாத்திரமாகச் சத்தம் போட்டது, சிலது சத்தமே போடவில்லை. ஒன்று வாசலில் அவிழ்ந்து, வெட்டித் தள்ளிய துணித்துண்டுகள் காற்றில் ஓடின.

"இந்தக் குப்பைக்கா ரெண்டு கை? பச்சப்புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கிட்டு வந்தேனேண்ணே!"

பெரியம்மா இடுக்கிலிருந்து முகத்தை இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் பீரோ நகர்ந்தது. வெளிச்சம் வந்தது. உள்ளே நோஞ்சான் பெண் ஒருத்தி வியர்வையில் நனைந்து நின்றுகொண்டிருந்தாள். பீரோவை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்த தலைப்பாகை, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பெரியம்மா எங்க பாப்பா?"

அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். அதற்குள் ஒல்லி, அவள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த மூட்டையைத் தரதரவென்று விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"இதான் கடைசிக் கந்தல். என்னா கனம்! இதை உருட்டித்தான் விடப்போறேன்."

மற்ற மூட்டைகள் எதிலும் மெஷின் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உட்கார்ந்தே வந்ததில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது, கண்டுபிடிக்க முடியவில்லை. எந்த மெஷினுக்காக ஊரான் வீட்டுப் பிள்ளைகளைக் கந்தலைத் தாலாட்ட வைத்தாளோ, அதன் தலைமேலேயே சவாரி செய்து வந்திருக்கிறாள்.

கத்த வேண்டும். மறைவுக்குப் பீரோ இல்லை. எதிரே இரண்டு முகம், எதிர்வீட்டு மாடியில் இன்னும் நாலு முகம். குரல் வழக்கம்போல் எங்கோ ஓடிவிட்டது. அவள் ஓடிப்போய் மூட்டையின்மேல் தடாலென்று விழுந்து கட்டிக்கொண்டாள்.

"விடு பாப்பா!"

மூட்டை விளிம்பில் சாய்ந்தது. அவளும் சேர்ந்து சாய்ந்தாள்.

"மெஷின்! எங்கம்மா மெஷின் இதுலதான் இருக்கு! கீழ விட்டீங்க, கொன்னுடுவேன்!"

ஒல்லி கையை எடுத்தான்.

"அண்ணே… பெரியம்மா."

தலைப்பாகை கீழே குதித்து, மூட்டையை இரண்டு கையாலும் வாங்கி மெதுவாக வைத்தார். அம்மா சாவியோடு ஓடிவந்தாள்.

"யாரு கத்தினது? தெருக்கோடி வரைக்கும் கேக்குது!"

"அதிகாரத்தைப் பாத்தா உங்க மாமியார்தாம்மா" என்றார் தலைப்பாகை.

"எம் மாமியாரா? அவங்க போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சே!"

அம்மா அங்கேயே மூட்டையைப் பிரித்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஊசி ஏறி இறங்கியது. அதற்கப்புறம்தான் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

பீரோவை உள்ளே கொண்டுபோய் அறை நடுவில் நிறுத்தினார்கள்.

"எந்தப் பக்கம்மா போடறது?"

"அவளையே கேளுங்க" என்றாள் அம்மா.

மூன்று பேரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் ஏதோ சொன்னாள். ஊசிக் காதுக்குள் நுழைகிற சத்தம்.

"கேக்கலைங்க" என்றார் தலைப்பாகை, சிரிக்காமல். "வேணும்னா பீரோவுக்குப் பின்னாடி போய் நின்னு சொல்லுங்களேன்."

கேலிதான். அது அவளுக்கும் புரிந்தது. இருந்தாலும் வெட்கங்கெட்டுப் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஜன்னலை மறைக்காம வலப்பக்கச் சுவரோரம் போடுங்க! அம்மாவுக்குத் தைக்க வெளிச்சம் வேணும்!"

"சரிங்க பெரியம்மா" என்று இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.