காவல்காரன் வைத்த வெளிச்சம்

முருகானந்தம் கொடுமைக்காரன் இல்லை. சுத்தச் சோம்பேறி, அவ்வளவுதான். போலகத்துக்குக் கிழக்கே இருக்கிற சவுக்குத் தோப்புக்கு அவன்தான் காவல். விடிவதற்கு முன்னால் சுள்ளி பொறுக்க வரும் பெண்களை விரட்டுவது வேலை. அதற்கு நாலு மணிக்கே எழுந்திருக்க வேண்டுமே, யாரால் முடியும்?

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி வெளியே ஒதுங்கியவன், மக்கிக் கிடந்த கட்டை ஒன்று நீலப்பச்சையாக மினுங்குவதைப் பார்த்துவிட்டு விழுந்தடித்து ஓடினான். காலையில் போனில் தேடினான். ஈரத்தில் மக்கும் மரத்தில் ஒருவகைப் பூஞ்சை பிடித்தால் அப்படித்தான் ஒளிவிடுமாம். அட, இவ்வளவுதானா! அன்று ராத்திரியே கட்டையைப் பிளந்து, மரக்கவைகளில் ஆள் உயரத்துக்கு இரண்டிரண்டாகச் செருகினான், பார்க்கிறவர்களுக்குக் கண் மாதிரி தெரியட்டும் என்று. டீக்கடையில், "தோப்புல கொள்ளிவாய்ப் பிசாசு எறங்கியிருக்குப்பா, நானே பாத்தேன்" என்று ஒரு வார்த்தை போட்டுவைத்தான். அதோடு ஒருத்தியும் வரவில்லை. ஏழு மணிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான்.

அப்படிச் சுள்ளி பொறுக்க வந்தவர்களில் ஒருத்தியான காசியம்மா என்ன செய்வாள்? இட்லி சுட்டு விற்கிறவள், கேஸில் சுட்டால் அவளுக்குக் கட்டுப்படியாகாது. தோப்பை விட்டுவிட்டு மெயின்ரோட்டோரம் கருவேலங்காட்டுக்கு விறகொடிக்கப் போக ஆரம்பித்தாள். விளக்கில்லாத ரோடு. கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள், விறகுக்கட்டோடு வந்தவளை ஒரு பைக் அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தொடை எலும்புக்குப் பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சேதி கேட்டதிலிருந்து முருகானந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, தூங்குவதற்காக ஒரு மனுஷியை ரோட்டுக்குத் துரத்திவிட்டேனே என்று உள்ளுக்குள் அறுத்தது. போய்ச் சொல்லிவிட இருபது நாளாகத் தைரியம் வரவில்லை. அப்போதுதான் காசியம்மாவின் மகள் எழில்மதி டீக்கடை வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சுள்ளி திருடுனதுக்குத்தான் பிசாசு ரோடு வரைக்கும் வந்து தள்ளிவுட்டுச்சுன்னு அம்மா சொல்லுது மாமா. கீழ கால வச்சா மறுபடி வருமாம். இப்புடியே படுத்துக் கெடந்தா அப்பறம் நடக்கவே முடியாதுன்னு டாக்டரு சொல்றாரு."

அன்று பொழுது சாய்ந்ததும் ஈரக்கட்டை ஒன்றை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனான். கட்டிலருகே உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"பிசாசுமில்ல, ஒண்ணுமில்லக்கா. நான் பண்ணுன அயோக்கியத்தனம். நீங்க நடந்தா ஒண்ணும் ஆவாது. இந்தா பாருங்க!"

பல்பை அணைத்தான். அவன் உள்ளங்கையில் கட்டை மினுங்கியது.

காசியம்மா அந்த வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். "சுள்ளிக்கு ஆசப்பட்டுட்டேன். என்ன மன்னிச்சிரு. வீடு தேடி வந்துட்டியே!"

"ஐயோ, இது வெறும் பூஞ்சதாங்க்கா!" என்று பதறிப்போய்க் கட்டையைக் கையாலேயே நொறுக்கினான். தூள் ஒட்டிக்கொண்டு கையும் சேர்ந்து மினுங்கியது.

"ஒன்னையும் புடிச்சிக்கிச்சே தம்பி!"

எழில்மதி ஓடிவந்து பல்பைப் போட்டாள். காசியம்மா தன் மணிக்கட்டில் கிடந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்து அவன் கையில் கட்டினாள்.

"எனக்காவப் போயி அதக் கையில புடிச்சியே, அதான் ஒளறுற. இது மாரியம்மன் கோயில் கயிறு. இனிமே ஒன்ன விட்டுரும்."

"நான்தாங்க்கா வச்சேன். சத்தியமா நான்தான்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். "சரிய்யா, சரி" என்று முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்த நல்ல காலையும் இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

எழில்மதிதான் அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நம்பினாள். கதவை விரியத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"கெளம்புங்க மாமா" என்றாள்.