பார்க்கிற வேலை

சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டராக இருந்தான் அலெக்ஸ். சாரம் சரிந்து கீழே விழுந்ததில் வலது தோள்பட்டை நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தும் கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியவில்லை. கம்பெனி அவனை ஊருக்கு அனுப்பிவிட்டது. ஆவூருக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு முப்பத்தாறு வயது.

மனைவி ஜெனிபர் விராலிமலையில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். கல்யாணமானதிலிருந்து இருவரும் ஒன்றாக இருந்தது அவனுடைய லீவு நாட்களில் மட்டும்தான். மற்றதெல்லாம் போனில். இப்போது நாள் முழுக்க வீட்டில் இருக்கும் மனுஷனை அவள் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சட்டையின் கைக்குள் அவன் கையை மெல்ல நுழைத்துவிடும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"என்னங்க, நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?" என்பாள்.

அவன் சிரிக்கமாட்டான்.

ஒருநாள் இருவரும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் நிழற்குடையின் இரும்புத் தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து, விரல் நகத்தால் வெல்டிங் ஒட்டு வைத்த இடத்தைச் சுரண்டினான்.

"எங்கிட்டுப் போனாலும் இரும்பையே தடவுறீங்களே, அப்படி என்னதான் இருக்கு?"

"ஒட்டு சரியா உருகல ஜெனி. ரெண்டு மழைக்குத் தாங்காது."

"இப்படிப் பாத்துச் சொல்றதுக்குன்னு வேலை இல்லையா?"

"இருக்கு. இன்ஸ்பெக்டர்னு சொல்லுவாக. அதுக்குப் பரீட்சை எழுதணும். எல்லாம் இங்கிலீஷு. நான் ஐ.டி.ஐ. ஆளு."

"வீட்ல ஒரு டீச்சரை வச்சுக்கிட்டு இங்கிலீஷுக்குப் பயப்படுறீங்களா?"

அந்தப் பரீட்சைக்குத் திருச்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடந்தது. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அவன் பஸ் ஏறினான். சாயங்காலம் தடித்த புத்தகத்தோடு திரும்பி வருவான். அதிலிருந்த ஆங்கிலம் ஜெனிபருக்கு வாசிக்க வரும், அர்த்தம் பிடிபடாது. அவனுக்குப் பொருள் தெரியும், வார்த்தைதான் தெரியாது. அடுப்படியில் இருவரும் சேர்ந்து முட்டி மோதினார்கள்.

"போராசிட்டின்னா என்னங்க?" என்று கேட்டாள் அவள், இட்லித் தட்டை இறக்கியபடி.

அவன் ஒரு இட்லியைப் பிட்டுக் காட்டினான். "உள்ள ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அதான். காத்து மாட்டிக்கிட்டா இரும்புலயும் இப்படித்தான் வரும்."

"அப்ப என் இட்லி பெயிலா?"

"இட்லிக்கு பாஸு. கப்பலுக்குத்தான் ஆகாது."

ஊருக்கு வந்தபிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். ஜெனிபர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் முறை செய்முறைத் தேர்வில் நன்றாகச் செய்தான். எழுத்துத் தேர்வில் தோற்றுப்போனான். வீட்டுக்கு வந்து இடது கையால் புத்தகத்தைப் பரணில் போட்டான். "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது ஜெனி, விட்டுரு" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.  மறுநாள் ஸ்கூல் விட்டு வந்ததும் அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் புத்தகத்தை எடுத்தாள்.

"உங்களுக்கு வேணாம்னா போங்க. பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராது. எனக்காவது சொல்லிக்குடுங்க. எனக்குப் புரியிற வரைக்கும் விடமாட்டேன்."

அவனுக்கு வேறு வழியில்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுக்க முதலில் அவன் படிக்க வேண்டியிருந்தது. அவள் வேண்டுமென்றே குறுக்குக் கேள்வி கேட்டாள். கோபப்பட்டான், திரும்பவும் சொன்னான். ஒரு கட்டத்தில் தன்னை அறியாமல் ஆங்கிலத்திலேயே விளக்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது முறை தேறிவிட்டான்.

திருச்சிக்குப் பக்கத்தில் இரும்புத் தொட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தது. சேர்ந்த சில நாட்களிலேயே கோபிநாத் என்ற இளம் வெல்டர் போட்ட ஒட்டை அவன் சரியில்லை என்று ஒதுக்க வேண்டி வந்தது.

"குறை சொல்ல எல்லாரும் வந்துர்றாங்க. நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்க சார், பாப்போம்" என்றான் கோபிநாத், எல்லோர் முன்னாலும்.

 வெல்டிங் பிடியை வாங்கிப் போட்டுக் காட்டிவிடலாம் என்று அலெக்ஸின் கை ஒருகணம் முன்னால் போனது. பாதியில் நின்றுவிட்டது.

"தம்பி, எனக்குக் கை தூக்க வராது. விழுந்து ஒடைஞ்சது" என்றான். பிறகு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவன் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தான். "ஒனக்குக் கை நல்லா ஓடுது. அவசரந்தான் ஜாஸ்தி. கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. இன்னும் மெதுவா. நெருப்பைப் பாக்காத, அது பின்னால உருகி நிக்குது பாரு, அதைப் பாரு."

கோபிநாத் அவன் சொன்னபடியே போட்டு முடித்தான். மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டதும் ஒட்டு ஒரே சீராக மின்னியது. "நல்லாருக்குல்ல சார்?" என்று அவனே கேட்டான்.

மதியம் அலெக்ஸ் ஜெனிபருக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல்.

"ஜெனி, இன்னைக்கு ஒரு ஒட்டு போட்டேன்."

"ஐயையோ, அந்தக் கையை வச்சுக்கிட்டா?"

"இல்ல, பக்கத்துல ஒக்காந்து சொல்லிச் சொல்லி. அந்தப் பையன் போட்டான். எனக்கு நானே போட்ட மாதிரி இருந்துச்சு." 

 அவள் பிள்ளைகளை அதட்டுவது கேட்டது. பிறகு மெதுவாக, "சாப்ட்டீங்களா?" என்றாள்.

"இனிமேதான். ஒன்கிட்ட மொதல்ல சொல்லணும்னு போன் போட்டேன்."