சூடானால் முரண்டு பிடிக்கும் செல்ஃப் மோட்டார்

ஹாலோபேங்க் மேட்டுப் பந்தயத்தில் லோர்னா பெடோஸின் கார் வரிசையில் ஒன்பதாவதாக நின்றது. ஏப்ரல் ஞாயிறு. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டுஷையரில் அதிசயமாக வெயில் அடித்தது.

கதவும் கூரையும் இல்லாத, தரையோடு ஒட்டிய சின்னப் பச்சைக் கார் அது. பதினோரு வருடத்துக்கு முன்னால் பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய உதிரிகளை அவள் கணவன் மெர்வின் வீட்டுக் கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பொருத்திக் கட்டியது. எஞ்சினைக் குடைந்து, தேய்த்து, முறுக்கேற்றி, பிறந்தபோது இருந்ததைப் போல ஒன்றரை மடங்கு சக்தி வரவைத்திருந்தான். கட்டுவது அவன், ஓட்டுவது அவள். வாரம் ஆறு நாள் தபால் வேனில் ஊர் ஊராகக் கடிதம் போடுகிறவள், ஏழாம் நாள் இதில் ஏறி உட்கார்ந்தால் ஆளே வேறு.

பந்தயத்தில் ஒவ்வொரு காராகத்தான் மேடேறும். முன்னால் போனது உச்சியைத் தொடும்வரை மற்றவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வம்பு அங்கேதான். காலைக் குளிரில் ஒரே தட்டில் எழுந்துவிடும் எஞ்சின், ஒருதரம் ஏறி இறங்கிச் சூடேறி நின்றுவிட்டால் எழாது. எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு அப்படியே படுத்துக்கொள்ளும். தள்ளித்தான் கிளப்ப வேண்டும். பத்து வருடமாக அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தள்ளுவதற்கு மெர்வின் இருந்தான்.

ஜனவரியில் அவன் நெஞ்சைத் திறந்து ரத்தக் குழாய்களை மாற்றியிருந்தார்கள். கோடை முடியும்வரை கனமாக எதையும் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு.

இரண்டாவது சுற்றுக்கு அவள் முறை வந்தது. சாவியைத் திருப்பினாள். முனகல். மறுபடி திருப்பினாள். அதுவும் இல்லை. கார் மெல்ல நகர ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தான் மெர்வின். முகம் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்திருந்தது.

லோர்னா பிரேக்கை மிதித்தாள். ஹெல்மெட்டோடு வெளியே குதித்தாள். கொடி வைத்திருந்தவரிடம், "நான் வரல. அடுத்தவங்கள விடுங்க," என்றாள்.

"என்ன பண்ற நீ? இன்னும் நாலடி! கெளம்பியிருக்கும்!" என்று கத்தினான் மெர்வின்.

"கெளம்பியிருக்கும். நீயா காரான்னுதான் தெரியல."

காரை இழுவை வண்டியில் ஏற்றி இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது செல்ஃப் மோட்டார் கழன்று கொட்டகை மேசையில் பிடிப்பானில் இறுகிக் கிடந்தது. மெர்வின் பேட்டரிக் கம்பியை அதன் முனையில் தொடவைத்தான். விர்ரென்று சுற்றியது. சுற்றுகிற பல்லில் ஒரு மரக்கட்டையை வைத்து அழுத்தினான். கட்டையைக் கடித்துத் தூளாக்கியது.

"பாத்தியா? இதுல என்ன குறை? நான் பொறுக்கி எடுத்த மோட்டார்."

"இப்ப ஜில்லுனு இருக்கு. சூடா இருக்கறப்ப பாக்கணும்."

"அதுக்கு என்ன, அடுப்புலயா வெக்க முடியும்?"

லோர்னா பிடிப்பானைத் தளர்த்தினாள். மோட்டாரைக் கழற்றி இரண்டு கையாலும் சுமந்துகொண்டு சமையலறைக்குப் போனாள். ஓவனில் பழைய தட்டொன்றின் மேல் வைத்து, ஆப்பிள் பை வேகிற சூட்டுக்குக் கொஞ்சம் கீழே திருப்பினாள். முக்கால் மணி நேரம். வீடு முழுக்க வார்னிஷும் பழைய எண்ணெயும் கருகிய வாடை.

"வாசம் தூக்குது. கஸ்டர்ட் ஊத்தியா சாப்பிடப் போற?" என்றான் வாசலில் நின்றுகொண்டு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் அடித்த முதல் கிண்டல். அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் இளகியது.

துணியில் சுற்றி எடுத்துப் போய் மறுபடி பிடிப்பானில் இறுக்கினார்கள். கம்பியைத் தொடவைத்ததும் சுற்றத்தான் செய்தது. கட்டையை வைத்து லேசாக அழுத்தினான். நின்றுவிட்டது. கையை எடுத்தான், சுற்றியது. அழுத்தினான், நின்றது.

மெர்வின் கட்டையைக் கீழே வைத்தான். "சைலன்சர் குழாய் இதுக்குப் பக்கத்துலயே போகுது. அதோட சூட்டுல வெந்து வெந்து உள்ள இருக்கற கம்பிச் சுருள் சோந்து போச்சு," என்றான் மெதுவாக. "நானும் குளிர்காலத்துல எஞ்சின இன்னும் கொஞ்சம் முறுக்கிட்டேன். பாவம், இது என்ன பண்ணும்?"

பக்கத்து ஊர் லெம்ஸ்டரில் செல்ஃபும் டைனமோவும் பார்க்கிற ஐவர் ப்ராபர்ட்டுக்குப் போன் போட்டார்கள். "செல்ஃப் கடிச்சுத் திருப்பற ஃப்ளைவீல் சக்கரத்தச் சுத்தி எத்தன பல்லு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க. அது தெரியாம எந்த மோட்டாரும் குடுக்க மாட்டேன்," என்றார் அவர்.

மறுநாள் சாயங்காலம் மோட்டார் இருந்த துளைக்குக் கீழே விளக்கோடு மல்லாந்து படுத்தாள் லோர்னா. ஒரு பல்லில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தாள். மெர்வின் காருக்கு முன்னால் நின்று ஸ்பேனரால் எஞ்சினை மெல்லத் திருப்பினான். சிவப்பு சுற்றி வந்தபோது கணக்கு நூற்று முப்பத்தொன்று. மறுபடி எண்ணினார்கள். நூற்று முப்பத்து மூன்று.

"உனக்கு எண்ணவே தெரியல."

"நீ வெடுக்கு வெடுக்குனு திருப்பற. நடுவுல பூனையப் பத்திப் பேசற."

"பூனை டூல்பெட்டிக்குள்ள ஏறிடுச்சுன்னு சொன்னேன். அது ஒரு குத்தமா?"

மூன்றாம் தரம் நூற்று முப்பத்தொன்றுதான் வந்தது. அதோடு தலையில் ஒரு சொட்டு எண்ணெய். வேறு வழியில்லாமல் போனில் உண்மையைச் சொன்னாள். ப்ராபர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க எஞ்சினுக்கு ரெண்டே ரகம்தாம்மா. நூத்திப் பத்து, இல்லன்னா நூத்தி முப்பத்திரெண்டு. நடுவுல ஒண்ணும் கெடையாது. சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க."

அவர் கடை மேசையில் இரண்டு மோட்டார்கள் இருந்தன. ஒன்று பழைய ரகமே; கனத்த செம்புக் கம்பி சுற்றி, சூடு தாங்கும் உறை போட்டது. இன்னொன்று அதில் பாதிகூட இல்லை. உள்ளே ஒரு சின்ன கியர், அதனால் மோட்டார் வேகமாகச் சுற்றி, பல்லை மெதுவாக, ஆனால் முரட்டுப் பலத்தோடு தள்ளும்.

"ரெண்டுமே உங்க எஞ்சினச் சுத்தும். சின்னது சைலன்சர விட்டு நாலு விரக்கடை தள்ளி ஒக்காரும்," என்றார் ப்ராபர்ட்.

"இந்த டீ டப்பாவா என் எஞ்சினச் சுத்தும்?" மெர்வினுக்கு மனசு வரவில்லை. "எஞ்சினோட பொறந்தது எதுவோ அதுதான் பொருந்தும்."

ப்ராபர்ட் தேநீர் போட உள்ளே போனார். லோர்னா குரலைத் தாழ்த்தினாள். "எது வேணா எடு. எஞ்சின் உன்னுது. ஆனா வரிசைல அது நின்னுபோச்சுன்னா, நீ தள்ள மாட்ட. நான் எறங்கி வந்துருவேன். எத்தன பந்தயம் போனாலும் சரி."

அவன் பெரிய மோட்டாரின் பல்லை விரலால் ஒருதரம் சுற்றிவிட்டான். "தள்ளறதாவது எனக்குன்னு இருந்துச்சு, லோர்னா," என்றான். "ஜனவரியிலேருந்து எல்லாரும் என்னப் பீங்கான் கோப்பை மாதிரி பாக்கறாங்க. நாற்காலி போடறாங்க. போர்வை வேணுமாங்கறாங்க. நீ மேல போனப்புறம் அங்க எனக்கு என்ன வேல?"

இதை அவள் யோசித்ததே இல்லை. அவன் உயிரைப் பற்றி இரவும் பகலும் யோசித்தவளுக்கு, அந்த உயிரை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று தோன்றவில்லை. அவன் கைமேல் கை வைத்தாள்.

மெர்வின் பெரிய மோட்டாரைத் தூக்கிப் பார்க்கப் போனான். மேசையிலிருந்து ஓர் அங்குலம் எழுந்ததும் நெஞ்சுத் தழும்பு சுண்டி இழுக்க, உதட்டைக் கடித்துக் கீழே வைத்தான். பிறகு சின்னதை எடுத்தான். ஒரே கையில் வந்தது. தலைக்கு மேலே தூக்கி, காருக்கு அடியில் படுத்திருப்பவனைப் போல அண்ணாந்து பார்த்தான். இரண்டு தரம் அப்படிச் செய்தான்.

"இத நானே மாட்டிருவேன்," என்றான். "அத மாட்டணும்னா யாரையாவது கூப்பிடணும்."

"அப்ப?"

"டப்பாவயே எடுத்துக்கலாம்."

மாட்ட அவனுக்கு மூன்று நாள் ஆனது. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு. லோர்னா விளக்குப் பிடிக்கக்கூட உள்ளே போகவில்லை. ஜன்னல் வழியாக அவன் கால் அசைகிறதா என்று மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஜூன் மாதப் பந்தயத்தன்று ஏப்ரலைவிட வெயில். அவளுக்கு முன்னால் போன கார் வளைவில் புல்லுக்குள் இறங்கிவிட்டது. அதை இழுத்து வெளியே எடுக்க இருபத்தைந்து நிமிடம். சூடேறிய எஞ்சினோடு வரிசையில் காத்திருந்தாள். மெர்வின் பார்வையாளர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கைகளைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நின்றான்.

கொடி அசைந்தது. சாவியைத் திருப்பினாள். கீச்சென்று ஒரு சின்னச் சத்தம், புதிய சத்தம். எஞ்சின் உறுமி எழுந்தது. கயிற்றோரம் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெர்வின் மட்டும் ஒரு கையை வெளியே எடுத்து, தலைக்கு மேல் உயர்த்தினான்.

மேலே போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவன் இடத்தில் இல்லை. அவனுக்காகப் போட்டிருந்த மடக்கு நாற்காலி காலி. லோர்னா காரிலிருந்து குதித்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வரிசை வரிசையாகத் தேடினாள். கடைசியில் ஒரு மஞ்சள் காரின் திறந்த பானெட்டுக்குள் அவன் பின்தலை தெரிந்தது. சுற்றி மூன்று பேர், அவன் எஞ்சினுக்குள் கைகாட்டிச் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவளைக் கண்டதும் நிமிர்ந்தான். "எவ்வளவு?"

"போன வருஷத்த விட அரை செகண்ட் அதிகம்."

"வளைவுல பயந்துட்டியா?"

"உன்ன நெனச்சிக்கிட்டே ஓட்டினேன்."

"நல்லாருக்கு! ரோட்ட நெனச்சு ஓட்டு," என்றான். அந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அவன் மறுபடி பானெட்டுக்குள் குனிந்தான்.