பாதி விலைக் கழுகு

பஸ் டிப்போவின் உதிரிபாக ஸ்டோரில் பதினேழு வருடமாக இருந்தவருக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் பூட்டு. எதுவும் திருட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டதால் வந்த பெயர் இல்லை. எதையும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டதால் வந்தது. பிரேக் பேட் வேண்டும் என்று யாராவது ஜன்னலில் வந்து நின்றால், "பழசைக் கழட்டிக் கொண்டா, பாப்போம்" என்பார். கொண்டு வந்து காட்டினால் கட்டை விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் ஒரு வாரம் தாங்கும்" என்பார். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த உரையாடல் கேட்காமல் இருந்தது எல்லோருக்கும் நல்லதாகப் போயிற்று.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். நாள் முழுக்க நின்றே வேலை. மாலையில் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு போனில் ஒரு கார்டு கேம் ஆடுவாள். பறவைப் படம் போட்ட கார்டுகள். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பலம். எதிரே யாரோ முகம் தெரியாத ஆள். ஒரு நாள் அந்த கேமில் பத்து நாள் ஈவென்ட் ஒன்று தொடங்கியது. ஓர் ஆட்டம் ஜெயித்தால் ஐந்து இறகு, தோற்றால் இரண்டு. நாற்பது இறகு கொடுத்தால் ஒரு பேக் உடைக்கலாம். உள்ளே என்ன கார்டு இருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். அறுநூறு சேர்த்துவிட்டால் பொன் கழுகையே நேராக வாங்கலாம். கழுகை இறக்கினால் எதிராளிகளில் பாதிப் பேர் பார்த்த மாத்திரத்தில் ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு ஈவென்ட் முடியும். அப்போது கையில் மிச்சம் இருக்கும் இறகெல்லாம் செல்லாது.

முதல் நாளே மனைவி ஒரு பேக்கை உடைப்பதைப் பூட்டு பார்த்துவிட்டார்.

"என்ன பண்றே?"

"பேக் உடைக்கிறேன்."

"இருந்த நாப்பதையுமா?"

"வேற எதுக்கு அது?"

உள்ளே ஒரு சிட்டுக்குருவி வந்தது. அவளிடம் ஏற்கனவே இரண்டு சிட்டுக்குருவி இருந்தன. சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனாள். பூட்டுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஸ்டோரில் யாரோ தன்னைக் கேட்காமல் பெட்டியைப் பிரித்துவிட்டது போல இருந்தது. அன்றே தன் போனிலும் அந்த கேமை ஏற்றினார். ஆடுவதற்காக இல்லை, எப்படி ஆட வேண்டும் என்று காட்டுவதற்காக.

மறுநாள் மதியத்துக்குள் ஒரு தாளில் திட்டம் எழுதி ஸ்டோர் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். பேக் ஒன்றுகூட உடைக்கக் கூடாது. மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் ஆட வேண்டும், அப்போது அரைக் கவனத்தோடு ஆடுகிறவர்கள் அதிகம். அறுநூறு சேர்ந்தாலும் கழுகை வாங்கிவிடக் கூடாது. போன ஈவென்ட்டின் கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லா விலையும் பாதியானதாகப் பழைய பதிவுகளைத் தோண்டிக் கண்டுபிடித்திருந்தார். ஆகவே பத்தாம் நாள் ஐந்து மணி வரை பொறுத்தால் அதே அறுநூறுக்கு இரண்டு கழுகு.

பிரேக் மெக்கானிக் அந்தத் தாளை நின்று இரண்டு முறை படித்தான். அவனும் அந்த கேம் ஆடுகிறவன். ஒரு வாஷர் கேட்டு வந்தவன், வாஷர் கிடைக்காமல், தாளை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். ஆட்டக்காரர்களின் குரூப்பில் அதைப் போட்டான். நான்காம் நாள் அதற்கு 'ஸ்டோர் திட்டம்' என்று பெயர் வந்துவிட்டது. ஆறாம் நாள் அதைப் பின்பற்றுகிறவர்கள் பத்தாயிரம் பேர் இருப்பார்கள் என்று மெக்கானிக் வந்து சொன்னான்.

பதினேழு வருடத்தில் பூட்டிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. இப்போது குரூப்பில் முகம் தெரியாதவர்கள் வரிசையில் வந்து கேட்டார்கள். 'அண்ணா, கை அரிச்சு ஒரு பேக் உடைச்சிட்டேன், இனி வழி இருக்கா?' என்று ஒருவர் எழுதினார். 'இருக்கு. இனிமே தொடாதீங்க' என்று பதில் போட்டார் பூட்டு. இன்னொருவர், தன் தம்பி திருட்டுத்தனமாக இரண்டு பேக் உடைத்ததைக் காட்டிக்கொடுத்திருந்தார். பூட்டு தம்பியை மன்னித்தார்.

ஒன்பதாம் நாள் மாலை அவரிடம் அறுநூற்று நாற்பது இறகு இருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அதான் சேந்துடுச்சே. வாங்கிட வேண்டியதுதானே?"

"நாளைக்கு அஞ்சு மணிக்கு ரெண்டா வாங்கலாம்."

"ரெண்டு கழுகை வச்சு என்ன பண்ணுவீங்க? ஒரு ஆட்டத்துல ஒண்ணுதானே இறக்க முடியும்?"

இந்தக் கேள்வியைப் பத்தாயிரம் பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் திட்டம் போட்டவரே ஒன்பதாம் நாள் வாங்கிவிட்டார் என்று நாளைக்கு யாராவது சொன்னால் என்ன ஆவது? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உனக்கு என்னதான் வந்துச்சு இத்தனை பேக்குல?" என்று கேட்டார்.

"ஒரு கொக்கு வந்துச்சு. நல்லா ஆடுது."

கொக்கு என்பது யாரும் சீண்டாத கார்டு. பூட்டுக்கு அவள் மேல் பரிதாபமாக இருந்தது.

பத்தாம் நாள் நாலே முக்காலுக்கெல்லாம் டிப்போவில் ஸ்பானர் சத்தம் நின்றுவிட்டது. ஸ்டோர் ஜன்னலுக்கு முன்னால் ஒன்பது பேர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனோடு நின்றார்கள். மூன்று பஸ்கள் சக்கரம் கழற்றிய நிலையில் கிடந்தன. சூப்பர்வைசர் தன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, "என்ன இங்க கூட்டம்?" என்றார். பிரேக் மெக்கானிக் மணியைக் காட்டினான். அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போய்த் தன் போனையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

சரியாக ஐந்து மணிக்கு அறுநூறு என்ற எண் முந்நூறாக மாறியது. "சொன்னேன்ல" என்றார் பூட்டு, சத்தம் போடாமல். எல்லா விரலும் ஒரே நேரத்தில் திரையில் இறங்கின.

ஒரு சிறிய வட்டம் தோன்றிச் சுற்ற ஆரம்பித்தது.

"உங்களுக்கு வந்துச்சா அண்ணே?"

"சுத்துது. பொறு."

ஐந்தேகால் வரை சுற்றியது. மூடித் திறந்தார்கள். மறுபடியும் சுற்றியது. நாட்டில் எத்தனை பேர் அந்த நேரத்தில் அந்த ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்களோ, கேமின் கம்ப்யூட்டர்கள் திணறிப்போய்விட்டன. அத்தனை பேரையும் ஒரே வாசலுக்கு ஒரே மணிக்கு வரச் சொன்னது யார் என்பது ஐந்தரை மணிக்கு எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. ஒவ்வொருவராகப் போனிலிருந்து தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார்கள். பூட்டு தலையைத் தூக்கவில்லை.

ஆறு மணிக்கு வட்டம் நின்றது. 'ஈவென்ட் முடிந்தது. பங்கேற்றதற்கு நன்றி' என்று வந்தது. மூலையில் இறகு: பூஜ்யம்.

ஒன்பது பேரும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பஸ்களுக்குத் திரும்பினார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பூட்டுக்கு. திட்டுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். குரூப்பில் வந்த வசவுகளைப் படித்துக்கொண்டே ஸ்டோரைப் பூட்டினார். நடுவில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'என் பொண்ணுக்குக் கழுகு வாங்கித் தரேன்னு சொல்லியிருந்தேன் அண்ணா. பரவாயில்லை.' அந்தப் பரவாயில்லையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போனை அணைத்துவிட்டார். வீட்டுக்கு வந்த பஸ்ஸின் டிரைவரும் திட்டத்தைப் பின்பற்றியவர்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தேவைக்கு மேல் அழுத்திப் பிரேக் போட்டார்.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அவள் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டது அவருக்குத் தெரிந்தது.

"சாப்பிடுங்க மொதல்ல" என்றாள்.

"பத்து நாள் அத்தனை பேரையும் காக்க வச்சிட்டேன்."

"கேம்தானே. யாரும் சாகலை."

"அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"மன்னிச்சிடும்மான்னு எழுதுங்க. அவ்வளவுதான்."

எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுத்தில் கேட்ட முதல் மன்னிப்பு அது.

மறுநாள் காலை டிப்போவுக்குள் நுழைந்தபோது பிரேக் மெக்கானிக் எதிரே ஓடி வந்தான். அடிக்க வருகிறானோ என்று பூட்டு ஒரு கணம் தயங்கினார். அவன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, பாத்தீங்களா?"

கேம் கம்பெனி வருத்தம் தெரிவித்திருந்தது. நெரிசலால் வாங்க முடியாமல் போனவர்களுக்கு நஷ்டஈடாக, முடியும் நேரத்தில் செலவழிக்காத இறகு ஒன்றாவது வைத்திருந்த எல்லோருக்கும் பொன் கழுகு இலவசம். அறுநூற்று நாற்பது வைத்திருந்த பூட்டுக்கும் ஒன்று. நேற்று மதியம்தான் கேமை ஏற்றி, ஓர் ஆட்டம் தோற்று, இரண்டு இறகோடு நிறுத்திவிட்ட டயர் பஞ்சர்காரருக்கும் ஒன்று. இறகு வந்தபடியே ஆசையாகச் செலவழித்து மிச்சமே வைக்காதவர்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

"நெரிசல் வரும்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும், அப்படித்தானே? அதனாலதான் செலவு பண்ணாதீங்கன்னு சொன்னீங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நான் பாதி விலைக்குத்தான் பாத்தேன்."

"வெளியில சொல்ல முடியாது, புரியுது" என்று கண்ணைச் சிமிட்டினான் மெக்கானிக்.

குரூப்பிலும் அப்படியே. நேற்று திட்டியவர்கள் இன்று அவரைத் தீர்க்கதரிசி என்றார்கள். 'நான் அப்படி நினைச்சுச் சொல்லலை' என்று பூட்டு எழுதினார். அந்த அடக்கத்தை நானூறு பேர் பாராட்டினார்கள்.

கழுகு அநேகமாக எல்லோரிடமும் வந்துவிட்டதால் எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் கழுகுக்கு எதிரே கழுகு நின்றது. யாரும் பயப்படவில்லை. பத்தே நாளில் கம்பெனியும் அதன் பலத்தை அரைவாசியாக வெட்டிவிட்டது. மனைவி பழையபடி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கொக்கை வைத்து ஆடினாள். சில நாள் ஜெயித்தாள், சில நாள் தோற்றாள்.

அடுத்த மாதம் புதிய ஈவென்ட் வந்தது. இந்த முறை இறகுக்குப் பதில் முத்து, ஏழு நாள். இருபதாயிரம் பேர் ஸ்டோர் திட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். பூட்டு இரண்டு நாள் யோசித்து, மனசாட்சியோடு ஒரே வரி எழுதினார்: 'கையில வந்ததும் பிடிச்சதை வாங்குங்க, சந்தோஷமா ஆடுங்க.'

யாரும் நம்பவில்லை. அண்ணன் இப்படி எழுதினால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்றார்கள். ஊரார் முத்தைக் காலி பண்ண வைத்துவிட்டு நம்ம ஆட்களை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறார் என்று ஒருவர் விளக்கம் எழுதினார். அந்த விளக்கமே திட்டமாகிப் பரவியது. இருபதாயிரம் பேரும் முத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

மதியம் பிரேக் மெக்கானிக் ஜன்னலில் வந்து நின்றான். இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தணித்தான்.

"அண்ணே, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. உண்மையான திட்டம் என்ன?"

எழுதினதுதான் உண்மை என்று சொல்லப் பூட்டு வாயைத் திறந்தார். அவனுக்குப் பின்னால் டிரைவர் நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் பஞ்சர்காரர், அவருக்கும் பின்னால் சூப்பர்வைசர், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர் போல. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பதினேழு வருடத்தில் இந்த ஜன்னலுக்கு வெளியே நின்று யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

பூட்டு வாயை மூடிக்கொண்டார். சற்று நேரம் எதையோ கணக்குப் போடுவது போல மேலே பார்த்தார்.

"அஞ்சாம் நாள் வா, சொல்றேன்" என்றார்.

மெக்கானிக் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். டிரைவர் ஒரு அடி முன்னால் வந்தார்.