மருந்துக்கு ஏது ஒருசந்தி

தவக்காலத்தில் கில்பர்ட் குடிக்க மாட்டான். இது ஊருக்கே தெரியும். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலை விட்டு வெளியே வந்தானென்றால், அதன்பிறகு சாராயக்கடைப் பக்கம் தன் குட்டியானை லோடு வண்டியைத் திருப்ப மாட்டான். ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். கல்யாணமான வருஷத்திலிருந்து ரோஸ்லின் இதைப் பார்த்துவருகிறாள். இந்த வருஷம் அவன் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னான். ஈஸ்டருக்கு அப்புறமும் தொடப்போவதில்லை என்றான். அவள் நம்பவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை.

முதல் வாரம் அவனுக்குக் கை நடுங்கியது, வாய் நமநமத்தது. ரோஸ்லினுக்கு ரத்தம் குறைவு என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும், சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் இரும்பு உடம்பில் பிடிக்கும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அந்த ஆரஞ்சு வில்லையில் ஒன்றை அவள்தான் அவனிடம் கொடுத்துப் பார்த்தாள். புளிப்பு நாக்கில் ஏறியதும் அவன் முகம் தெளிந்தது.

அதன்பிறகு வில்லியனூர் மெடிக்கலில் அவனே அட்டை அட்டையாக வாங்கினான். சாராயக்கடையைத் தாண்டும்போது ஒன்று, திரும்பி வரும்போது ஒன்று. லோடு ஏற்றும்வரை காத்துக் கிடக்கிற நேரத்துக்குக் கணக்கே இல்லை. வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சோறு மட்டும் தின்று ஒருசந்தி பிடிப்பான். அன்றைக்கும் கன்னம் உப்பித்தான் இருக்கும்.

"ஒருசந்தின்னு சொல்லிட்டு முட்டாய் மாதிரி சப்பிகினு கீறியே," என்றாள் ஒருநாள்.

"மருந்துக்கு ஏதுடி ஒருசந்தி?"

நல்லதும் நடந்தது. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம் வருவது நின்றது. தகரம் கிழித்து ஆறாமல் கிடந்த கால் புண் மூடிக்கொண்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டி, ஆளுக்கு ஒன்று பிய்த்துக் கொடுத்தான். சளி கிட்ட வராது என்றான், தோல் பளபளக்கும் என்றான். கொஞ்ச நாளில் நெஞ்செரிச்சல் வந்தது. வயிறு இளகி, நாலு முறை கொல்லைக்குப் போனான். வெளியில் தின்ற பரோட்டாவைத் திட்டினான். ரோஸ்லினுக்கு லேசாகச் சந்தேகம் இருந்தது. கேட்கவில்லை. கேட்டு, அவன் மாத்திரையை விட்டு, அதற்குப் பதில் வேறெதையாவது பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு வேட்டி மாற்றப் போனவன் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டான். வாந்தி எடுத்தான். அவன் இப்படி உருண்டு கிடப்பதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். குனிந்து வாயை மோந்து பார்த்தாள். ஆரஞ்சு வாடை அடித்தது. அப்புறம்தான் ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

சிறுநீர்க் குழாயில் பொடிக்கல் என்று ஸ்கேனில் தெரிந்தது. வேறென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று டாக்டரம்மா கேட்டதும், வலியிலும் கொஞ்சம் பெருமையாக அட்டையை நீட்டினான். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார். அவன் விரல்களை மடக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான். உடம்புக்குக் கொஞ்சம்தான் வேண்டும், மிச்சத்தை அது சேர்த்து வைக்காது, மூத்திரத்தில் தள்ளிவிடும் என்றார் டாக்டர். தள்ளுவதில் ஒரு பகுதி உப்பாக மாறும், கல் பிடிக்கிற உடம்பாக இருந்தால் அது கல்லாகும். இது மாத்திரையால் மட்டும் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, தண்ணீர் குடிக்காமல் நாளெல்லாம் வெயிலில் வண்டி ஓட்டுவதும் சேர்ந்திருக்கும். மாத்திரையை நிறுத்து, நிறையத் தண்ணீர் குடி, இந்தக் கல் தானாக விழுந்துவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இன்னொரு வைத்தியம் சொன்னார்கள். மறுநாள் சாயங்காலம் ரோஸ்லினின் அண்ணன் அந்தோணிசாமி அதைப் பேப்பரில் சுற்றிக் கையோடு கொண்டுவந்தான்.

"கல்லுக்கு பீரு மாதிரி எதுவும் இல்ல மாப்ள. ரெண்டு பாட்டில் வுட்டா தெறிச்சிகினு வந்துடும்."

டாக்டரம்மா தண்ணிதான் குடிக்கச் சொன்னார் என்றாள் ரோஸ்லின்.

"இதுவும் தண்ணிதாம்மா," என்று அவன் சிரித்தான்.

கில்பர்ட் சிரிக்கவில்லை. பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஜில்லென்று இருந்தது, பேப்பர் நனைந்து கைலியில் ஒட்டியது. பிறகு ரோஸ்லினைப் பார்த்து, "மருந்து மாதிரிதான இதுவும்?" என்றான்.

அவன் அதைக் கேள்வியாகத்தான் கேட்டான். அவள் சரியென்று தலையாட்டியிருந்தால் மூடி திறந்திருக்கும்.

"குடிக்கணும்னா குடி. நான் கையப் புடிக்கல," என்றாள். "ஆனா மருந்துன்னு சொல்லாத. அந்த மாத்திரையக்கூட நீ மருந்துன்னு துன்னல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாய மூடிகினு இருந்தேன்."

நோயில் கிடக்கிற ஆளிடம் இப்படியா பேசுவது என்று அந்தோணிசாமி தங்கையைக் கடிந்துகொண்டான். ஊரில் எத்தனை பேருக்குப் பீரால் கல் விழுந்திருக்கிறது என்று பேர் சொல்லி அடுக்கினான். கில்பர்ட் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. கட்டை விரலால் மூடியின் பற்களைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"வலி காலையிலியே கொறஞ்சி போச்சி மச்சான்," என்றான் கடைசியில். "கல்லுக்கு இல்ல. எனக்கு வேணும்னு கீது. அவ்ளோதான்."

"அப்ப குடி."

"எடுத்துகினு போ மச்சான்."

அந்தோணிசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். நல்லது செய்ய வந்தவனுக்கு இந்த வூட்டில் இதுதான் மரியாதை என்று சொல்லிவிட்டு, பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போனான். வண்டி கிளம்பிப் போகும் சத்தம் அடங்கும்வரை கில்பர்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கைலியில் ஒட்டியிருந்த பேப்பர்த் துணுக்கைப் பிய்த்தெடுத்தான்.

ரோஸ்லின் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் அண்ணாந்து குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இன்னாடி, ஒரு ருசியும் இல்ல."

"இருக்காது," என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு சொம்பு மொண்டுவரப் போனாள்.