இரண்டாவது கெட்ஸல்

போருக்கு முன்னால் யெருஹாம் லித்துவேனியாவில் யூதர்களின் சட்ட நூலான டால்முட் சொல்லிக்கொடுத்தவர். அந்த ஏடுகளில் ஓரிடத்தில் ஒரு தீர்ப்பு இருக்கும். வேறோரிடத்தில் அதற்கு நேர் எதிராக இன்னொன்று இருக்கும். இரண்டும் பெரியவர்கள் வாக்கு. எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. அப்போது, "இங்கே எதைப் பற்றிப் பேச்சு?" என்று தொடங்கி, இரண்டும் மெய்யாகும்படி ஒரு சூழ்நிலையைக் கட்டுவார்கள். அது எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் சரி, நடக்கவே முடியாதது என்று எதிராளி நிரூபிக்காத வரை நிற்கும். அந்த வித்தையில் யெருஹாமை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தப் பள்ளியும் இல்லை, ஊரும் இல்லை இப்போது. பவேரியாவில், பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில், அகதிகளோடு அகதியாக இருந்தார். முகாமின் மத நீதிமன்றத்தில் மதகுருவான ரபி கல்மனோடும் இன்னொருவரோடும் உட்கார்ந்து, தொலைந்துபோன கணவர்களின் வழக்கைக் கேட்பதுதான் வேலை.

நாற்பத்தாறாம் வருஷக் கோடையில் ஹிந்தா வந்தாள். ஒரு தச்சனைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். பழைய கணவன் கெட்ஸல் இறந்தது உறுதியானால்தான் முடியும். கெட்ஸலோடு கூடப் படித்தவன் எழுதிய கடிதம் ஒன்றை வைத்திருந்தாள்: 'லைபின் மகன் கெட்ஸலை முதல் பனி விழுந்த அன்று செங்கல் சூளைக்குப் பின்னால் சுட்டார்கள். நான்தான் மண் தள்ளினேன்.'

ஆனால் இந்த அகதி முகாமிலேயே இருந்த தையல்காரர் ஃபைவிஷ் வேறு சொன்னார். அடுத்த வசந்தத்தில், ஒரு வதைமுகாமில், பக்கத்துப் பலகையில் படுத்திருந்தவன் அதே ஊர், அதே பெயர், அதே தகப்பன் பெயர்.

"என் வாயில ரொட்டி வெச்ச ஆளு அவரு, ரபி. செத்தவன் வைப்பானா?"

"முகம் எப்படி இருந்துச்சு?" ஹிந்தா கேட்டாள்.

"அங்க யாரும்மா முகத்தோட இருந்தா?"

"ரெண்டுல ஒருத்தர் பொய் சொல்றார்" என்றார் கல்மன்.

"இல்லை" என்றார் யெருஹாம். "இங்க எதைப் பத்திப் பேச்சு? அந்த ஊர்ல ரெண்டு கெட்ஸல் இருந்தாங்கன்னு வெச்சுக்குங்க. ரெண்டு பேருக்கும் அப்பன் பேரு லைப். ஒருத்தன் இவ புருஷன், சூளைக்குப் பின்னால செத்தவன். இன்னொருத்தன் பிழைக்க வந்தவன், ரொட்டிக்கடையில மாவு பிசைஞ்சான். ரெண்டே வருஷத்துல போர் வந்துடுச்சு. யாருக்கும் அவனைத் தெரியாது."

"விட்டா அவனுக்குக் கல்யாணமும் பண்ணி வெச்சுடுவே போலிருக்கே!" கல்மன் சிரித்தார். பிறகு ஹிந்தாவின் கைகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தீர்ப்பு எழுதப் பேனாவை எடுத்தார்.

ஹிந்தாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆனால் யெருஹாம் கட்டிய ரொட்டிக்கடைக்காரன் அவரை விட்டுப் போகவில்லை. மத்தியானம் சூப் வரிசையில் யெருஹாமுக்கு முன்னால் நின்றான். கிண்ணத்தை நீட்டும் முறை வந்ததும் அங்கே வேறு யாரோ நின்றார்கள். ஒருநாள் காலைத் தொழுகைக்குக் கட்டாயம் வேண்டிய பத்துப் பேர் தேறுகிறார்களா என்று பார்த்தார். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது என்பது மரபு. பத்துச் சொல் கொண்ட வசனத்தைத் தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்ல வேண்டும். பத்தாவது சொல்லுக்கும் ஒரு தலை இருந்தது. தொழுகையைத் தொடங்கினார்.

"என்ன அவசரம், யெருஹாம்?" என்று கல்மன் கையைப் பிடித்தார். "ஒம்பது பேர்தான் இருக்கோம்."

ஹிந்தாவின் பழைய கணவனுக்கு நினைவுநாள் கிடைத்துவிட்டது. இறந்தவனுக்கான பிரார்த்தனை சொல்ல மைத்துனன் இருந்தான். தாம் உண்டாக்கியவனுக்கு யார் இருக்கிறார்கள்?

இலையுதிர் காலத்தில் ஒரு பகல், த்ரேனா என்ற பெண் நீதிமன்ற வாசலில் வந்து நின்றாள். முழங்கால்வரை புழுதி.

"லைபோட மகன் கெட்ஸல்னு ஒரு வழக்கு வந்துச்சாமே? எங்க அண்ணன் பேரும் அதுதான். அந்த ஊருக்குத்தான் பிழைக்கப் போனான்."

யெருஹாம் எழுந்துவிட்டார். "ரொட்டிக்கடைக்கா?"

"இல்லையே, கூரை போடப் போனான்."

ஃபைவிஷைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர், பக்கத்துப் பலகைக்காரன் தன் ரொட்டியில் பாதியை ஊட்டிய கதையைச் சொன்னார்.

"பாதியா குடுத்தான்?" த்ரேனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவன் அப்படித்தான். அப்புறம்?"

"அடுத்த வாரம் நடக்கத் தெம்பிருந்தவங்களை எல்லாம் ஓட்டிக்கிட்டுப் போனாங்கம்மா. நான் காய்ச்சல்ல கிடந்தேன்." அதற்குமேல் அவருக்குத் தெரியாது. தலைகுனிந்தபடி போய்விட்டார்.

த்ரேனா யெருஹாம் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குப் பெரிய மூளைன்னு சொன்னாங்க. ஓட்டிக்கிட்டுப் போனது நிஜம். அவன் உயிரோட இருக்கிறதும் நிஜமா இருக்கணும்னா, என்ன நடந்திருக்கணும் ரபி?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு கேட்கவில்லை.

"ஆத்தோரமா நடந்தாங்கன்னு வெச்சுக்கோம்மா. மூடுபனி. வரிசை ரெண்டாப் பிரிஞ்சுபோச்சு. பின்னால வந்தவங்க ஒரு வைக்கோல் கொட்டகையில ஒதுங்கினாங்க..."

கல்மன் எழுந்து வெளியே போனார். யெருஹாம் சொல்லிக்கொண்டே போனார். எந்த ஆறு, கரையில் என்னென்ன ஊர் என்று அவள் கேட்டாள். பிறர் சொல்லிக் காதில் விழுந்த நான்கு பெயர்களைச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை அந்த ஊர்களில் அண்ணனைத் தேட லாரி ஏறப் போனவளை வழியனுப்ப வந்தார். தடுத்துவிடலாம் என்றுதான் வந்தார்.

"ரபி, நான் ஒண்ணு யோசிச்சேன்" என்றாள் அவள், முகமெல்லாம் வெளிச்சமாக. "தலையில அடிபட்டு, பேரே மறந்துபோயிருந்தா? அதனாலதான் பிழைச்சவங்க பட்டியல் எதுலயும் இல்லையோ? இருக்கலாமில்ல?"

"இருக்கலாம்" என்றார் யெருஹாம்.

லாரி புறப்பட்டது.